கழுத்தில்லாத அன்னம்

ஜவ்வரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சினால்
மைதாவைவிட நன்றாக ஒட்டும்.
ஆத்தூர் ரோட்டு ஆலையில் கணக்கெழுதுகிற எனக்கு
மாவுக்குப் பஞ்சமில்லை.
துணிக்கும் இல்லை, இது சேலம்.
அம்மாப்பேட்டையில் வெண்பட்டு வேட்டியின் கத்தரித்த கரை,
இளம்பிள்ளையில் சாக்குச் சாக்காய்
சேலை முதுகிலிருந்து சிரைத்தெடுத்த ஜரிகை,
செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசு பொதிந்து தரும் ரோஸ் தாள்.

எல்லாவற்றையும் ப்ளைவுட்டில் ஒட்டுகிறேன்.
உருவம் எதுவும் வந்துவிடாமல் ஒட்டுகிறேன்.
அதுதான் கஷ்டம்.
மஞ்சளை வட்டமாய் வெட்டினால் போதும்,
சூரியன் என்று சொல்லிவிடுவார்கள்.
பச்சை மேலேறினால் ஏற்காடு.
போன மாதம் சிலிண்டர் போட வந்தவர்
நின்று பார்த்துவிட்டு
"கொண்டை ஊசி வளைவுங்களா, எத்தனாவது?" என்றார்.
அன்றிரவே அந்த வளைவைப் பிய்த்தெடுத்தேன்.
பிய்ந்த இடத்தில் கஞ்சி காய்ந்து
மீன் செதிலாய்ப் பளபளத்தது.
மீன் என்றா சொன்னேன்?
அடித்துவிடுங்கள்.

சென்னகேசவன் பட்டறைக் கதவோரம்
ஒரு சிமெண்டு சாக்கு.
உள்ளே ஜக்கார்டு அட்டைகள், துளை துளையாய்.
கோர்த்த கயிற்றை எலி கடித்து உதிர்ந்தவை.
எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன்.
பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிற இடத்தில்
யார் கேட்பது, யார் காதில் விழுவது.
அவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.
நாற்பத்திரண்டு அட்டை.

சாம்பல் நிறப் பருத்திமேல் பதித்தேன்.
துளைகளுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பட்டு.
சன்னல் வெளிச்சம் நகர நகர
சில துளையில் சிவப்பு இருந்தது,
சிலவற்றில் போயிருந்தது.
இதற்கு ஒருவராலும் பெயர் வைக்க முடியாது
என்ற திமிரில் தூங்கினேன்.

பதினேழாம் நாள் கைப்பேசியில் அவர்:
"அம்மிணி, நம்ம அன்னத்துக்குக் கழுத்தக் காணோம்."

சாக்கில் இருந்தது கழிவல்ல,
மறுபடி கோர்க்க வைத்தது.
கோர்த்த பையன் எண் பார்க்கவில்லை.
அட்டை ஒன்றுக்கு ஊடை ஒன்று.
நாற்பத்திரண்டு ஊடை குறைய
முதுகின்மேல் நேராகத் தலை வந்து குந்திய அன்னம்,
முந்தி முழுக்க, வரிசை வரிசையாய்,
அறுபது சேலையில்.

சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.
திட்டவில்லை.
பலகைமுன் நின்று
துளைகளின்மேல் விரல் ஓட்டினார்,
பேருந்துப் பலகையை வாசிப்பதுபோல், சத்தமாக:
"இது கழுத்து.
இது கழுத்து வளையுற எடம்.
இதுவும் கழுத்துதான், தலகீழா ஒட்டிருக்கீங்க."

அப்படியானால்
மூன்று வாரமாய் என் சுவரில் தொங்கியது
ஒரு பறவையின் தொண்டை.
சூரியன் இல்லை, மலை இல்லை என்று
நான் காவல் காத்துக்கொண்டிருந்தபோது.

பிளேடை எடுத்தேன். முதல் அட்டையின் ஓரம் கிளம்பியது.
அவர் பையில் மணி அடித்தது.
சூரத்துக்காரர். ஒலிபெருக்கியில் போட்டார்.
அனுப்பிய சேலை அறுபதும் போய்விட்டதாம்,
அந்த மாம்பழ டிசைனில்
இன்னும் முந்நூறு வேண்டுமாம்.

மாம்பழம்.
சென்னகேசவன் என்னைப் பார்த்தார்.
நான் பிளேடைப் பார்த்தேன்.
பிறகு இருவரும் சிரித்ததில்
மேல்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

கிளம்பிய ஓரத்தை அவரே எச்சில் தொட்டு அழுத்தினார்.
"இருக்கட்டும், எங்க போகப்போவுது."

இந்த ஞாயிறு இன்னொரு சாக்கோடு வந்திருக்கிறார்.
வேறு செட். இதில் யாளியாம், சோடி சோடியாக.
"இதுல எத எடுத்தா நல்லாருக்கும்?"

கஞ்சி அடுப்பில் கொதிக்கிறது.
உருவமே ஆகாது என்றவள்
தரையில் அட்டைகளைப் பரப்பி
ஒவ்வொன்றாய் விளக்குக்கு நேரே பிடித்து
யாளியின் கால்
எந்த எண்ணில் தொடங்குகிறது என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.